தின்னர் டின்னில் ‘இன்ஃப்ளேமபிள்’: தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

கேள்வி: பெயிண்ட் கடையில் வேலை செய்கிறேன். தின்னர் டின்கள் சிலவற்றில் ‘ஃப்ளேமபிள்’ என்றும், சிலவற்றில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்றும் இருக்கிறது. முன்னால் ‘இன்’ வந்தால் எதிர்ச்சொல் என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் இரண்டாவது வகை தீப்பிடிக்காதா?

பதில்: பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: சுலபமாகத் தீப்பற்றும். முதலில் அந்த டின்களை டீ போடும் அடுப்புப் பக்கத்திலிருந்தும் சாமி விளக்குக்குக் கீழிருந்தும் அப்புறப்படுத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

இங்கே வரும் ‘இன்’ இல்லை என்று சொல்லும் ‘இன்’ அல்ல. ‘இன்ஃப்ளமாரே’ என்றால் லத்தீனில் தீ மூட்டுவது. காயம் சிவந்து வீங்கி எரிந்தால் டாக்டர் ‘இன்ஃப்ளமேஷன்’ என்கிறாரே, அதே குடும்பம். உங்களுக்கு வந்த குழப்பம் எல்லோருக்கும் வரும் என்று பயந்துதான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொல்லி வற்புறுத்தியது. நம் ஊரில் இன்றும் டேங்கர் லாரிகளின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சொல்லை மாற்ற எத்தனை வருடம் வேண்டும்? தீப்பிடிக்காத பொருளுக்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று இருக்கும். சந்தேகம் வந்தால் எழுத்தை விடுங்கள், சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்தே நாளில் ஆங்கிலம் என்று பேனர் கட்டி, நாலு பக்க ஜெராக்ஸைக் கையில் கொடுத்துப் பணம் வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். ‘இன்’ என்றால் எதிர்ச்சொல் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களை மட்டும் சொல்லியும் பயனில்லை. பள்ளித் தேர்விலேயே முன்னொட்டு சேர்த்து எதிர்ச்சொல் எழுதினால் ஒரு மார்க், அர்த்தம் தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இதே வரியை நம்பி ஏமாறும் இன்னொரு சொல் ‘இன்வேல்யுபிள்’. என் மாணவர் ஒருவருக்கு வேலையை விட்டு வரும்போது முதலாளி கொடுத்த சான்றிதழில் இந்தச் சொல் இருந்தது. தன் உழைப்புக்கு மதிப்பே இல்லை என்று எழுதிவிட்டார் என நினைத்து, அந்தத் தாளை வீட்டில்கூடக் காட்டாமல் மடித்து வைத்திருந்தார். இதில் வரும் ‘இன்’ உண்மையிலேயே இல்லை என்று சொல்லும் ‘இன்’தான். ஆனால் இல்லாதது மதிப்பு அல்ல, அதை அளக்கும் வழி. தமிழிலும் பாருங்கள்: ‘விலையில்லா மடிக்கணினி’ என்றால் இலவசம். ‘விலைமதிப்பில்லாத உதவி’ என்றால் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாத உதவி. அந்த முதலாளி எழுதியது இந்த இரண்டாவதைத்தான். ஒன்றுக்கும் உதவாதது என்று திட்ட வேண்டுமானால் ஆங்கிலத்தில் ‘வொர்த்லெஸ்’ என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது.