அரை ஷிப்ட்டும் பிள்ளைகளும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலை பார்க்கிறேன். என் மனைவி வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மகன் 8ஆம் வகுப்பிலும் மகள் 2ஆம் வகுப்பிலும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். ஷிப்மென்ட் நெருங்கும் மாதங்களில் நாங்கள் இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்போம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டு மணி ஆகிவிடும்.

சில மாதங்களாக மகன் பள்ளிக்குப் போகாமல் வெளியில் சுற்றுகிறான். இரண்டு முறை அடிதடியில் மாட்டிக்கொண்டான். வகுப்பாசிரியர் எங்களை அழைத்துப் பேசினார். ஊரிலிருந்து வந்த என் அம்மா, "பொம்பளை வீட்டில் இல்லாத வீடு இப்படித்தான் ஆகும், அவளை வேலையிலிருந்து நிறுத்து" என்கிறார். மனைவிக்கு வேலையை விட மனமில்லை. விட்டால் வீட்டுக் கடன் தவணையும் சீட்டும் என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கப் பணம் முக்கியமா, பெற்றோர் வீட்டில் இருப்பது முக்கியமா? இதைப் பற்றி யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஆராய்ந்திருக்கிறார்கள். பணமா, பெற்றோரின் இருப்பா என்று நீங்கள் எதிரெதிராக நிறுத்தும் இரண்டும் உண்மையில் எதிரெதிரானவை அல்ல என்பதை, எனக்குத் தெரிந்த வரையில் மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. ஆகையால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியில், ட்யூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் காஸ்டெல்லோவும் அவருடைய குழுவினரும் 9 முதல் 13 வயது வரையிலான 1,420 பிள்ளைகளை 1993 முதல் ஆண்டுதோறும் சந்தித்து, அவர்களுடைய மனநலத்தையும் நடத்தையையும் பதிவு செய்துவந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் கிழக்குச் செரோக்கி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே, 1990களின் பிற்பகுதியில் அந்தப் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. அதன் இலாபத்தில் ஒரு பங்கைக் குடியினர் அனைவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். நிபந்தனை எதுவும் இல்லாமல் ஆண்டுக்கு இரண்டு முறை வந்த அந்தப் பணம், 2001 வாக்கில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 6,000 டாலராக உயர்ந்திருந்தது. (சூதாட்ட விடுதியால் அந்த மக்களுக்கு விளைந்த மற்ற நன்மை தீமைகளைப் பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும்.) உழைப்பாலோ திறமையாலோ வராமல் எல்லோருக்கும் ஒரே அளவில் வந்த வருமானம் என்பதால், நல்ல பெற்றோர் என்பதால்தான் சம்பாதித்தார்களா, சம்பாதித்ததால்தான் நல்ல பெற்றோராக இருக்க முடிந்ததா என்று இவ்வகை ஆய்வுகளை எப்போதும் குழப்பும் முடிச்சு இங்கே தானாக அவிழ்ந்துவிட்டது.

பணம் வருவதற்கு முன், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் மற்றவர்களைவிட மனநலச் சிக்கல்களின் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. பணம் வரத் தொடங்கிய பின், வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் நடத்தை சார்ந்த அறிகுறிகள் படிப்படியாகக் குறைந்து, என்றுமே ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு இறங்கின. அடிதடி, கீழ்ப்படியாமை, விதிகளை மீறுவது போன்றவை அவை. பதற்றமும் மனச்சோர்வும் அப்படிக் குறையவில்லை. உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியவை முதல் வகையைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள்.

இந்த மாற்றம் எதன் வழியாக வந்தது என்று தேடிய ஆய்வாளர்களுக்கு, பல காரணிகளைச் சோதித்த பின்பு கிடைத்த விடை பெற்றோரின் மேற்பார்வை என்பதுதான். பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், எப்போது வீடு திரும்புவான் என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் அவகாசமும் மனநிலையும் பெற்றோருக்குக் கிடைத்திருந்தன. அதே மக்களின் தரவுகளைக் கொண்டு ரண்டால் அகீ என்ற பொருளியலாளரும் அவருடைய தோழர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக ஏழ்மையான வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டாலர் கூடுதலாக வந்தபோது, பிள்ளைகள் 21 வயதுக்குள் முடித்திருந்த படிப்பு ஏறத்தாழ ஓராண்டு கூடியிருந்தது. இந்தப் பணம் வந்ததால் பெற்றோர் வேலையை விட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டேதான் அவர்களால் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்க முடிந்திருக்கிறது.

பணம் எங்கே கொடுத்தாலும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 2018இல் தொடங்கிய மற்றொரு பரிசோதனையில், அப்போதுதான் குழந்தை பெற்ற ஏழைத் தாய்மார் 1,000 பேரில் ஒரு பகுதியினருக்கு மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு 4 வயது ஆனபோது மொழித் திறனிலோ நடத்தையிலோ இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இடையில் கொரோனா காலம் வந்துபோனது. அந்தத் தொகையும் அங்குள்ள வாடகைக்கு முன்னால் சிறியது. வருமானம் வீட்டின் நேரத்தையும் நிம்மதியையும் மாற்றும் அளவுக்கு இருந்தால்தான் அது பிள்ளையைச் சென்றடைகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இது என் கருத்து. ஆய்வாளர்கள் இப்படிச் சொல்லவில்லை.

இனி, உங்கள் அம்மா சொல்வதற்கு வருகிறேன். வேலையை விட்டு வீட்டில் இருந்தால் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் பிள்ளை திருந்துவான் என்பது அவருடைய கணக்கு. ஆனால் வருமானத்தை இழந்து கிடைக்கும் நேரம் எத்தகையது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மாரியன்டால் என்ற ஊர், உங்கள் ஊரைப் போலவே நூலையும் துணியையும் நம்பி வாழ்ந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அங்கிருந்த ஒரே ஆலை மூடப்பட்டு, ஏறத்தாழ ஊர் முழுவதும் வேலையிழந்த நிலையில், மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசெல் ஆகியோர் 1931-32இல் அங்கே சென்று குடும்பங்களைக் கவனித்தார்கள். ஆண்களுக்கு நாள் முழுவதும் ஓய்வு இருந்தும், நூலகத்தில் கட்டணம் நீக்கப்பட்டிருந்தும், புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது. பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் பரிசாக என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னபோது, அவர்கள் கேட்ட பொருள்களின் மதிப்பு அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. வீட்டுவேலையோடு ஆலை வேலையையும் சேர்த்துச் சுமந்திருந்த பெண்கள்கூட ஆலை திரும்பத் திறக்க வேண்டும் என்றே விரும்பினார்கள். கூலி மட்டும் அதற்குக் காரணமாக இருக்கவில்லை. உங்கள் மனைவிக்கு வேலையை விட மனமில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். ஏன் மனமில்லை என்று அவரிடம் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

அதே பெருமந்தக் காலத்துக் கலிஃபோர்னியக் குடும்பங்களின் பதிவுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த கிளென் எல்டர், வருமானம் சரிந்த வீடுகளில் பிள்ளைகளைப் பாதித்த வழிகளில் முக்கியமான ஒன்று தந்தையின் எரிச்சலும் காரணமற்ற கண்டிப்பும் என்று காட்டினார். கடன் தவணையை ஒற்றைச் சம்பளத்தில் கட்ட வேண்டிய நிலை வந்தால், மாதக் கடைசியில் நீங்கள் வீட்டில் எப்படி இருப்பீர்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்பது பொருட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1997 முதல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைகள் காப்பகங்கள் பரவியபோது தாய்மாரின் வேலைவாய்ப்பு உயர்ந்தது. சிறு குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகவும் ஆய்வுகள் வந்தன. உங்கள் அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. அவர் சொல்லும் தீர்வைத்தான் நான் ஏற்கவில்லை.

உங்கள் வீட்டின் நாளை மணிக்கணக்கில் பாருங்கள். பள்ளி மாலை நான்கு மணியையொட்டி முடிகிறது. முதல் ஷிப்ட் ஐந்தரைக்கு முடிகிறது. அதோடு வந்துவிட்டால் ஆறு மணிக்கு நீங்களோ உங்கள் மனைவியோ வீட்டில் இருக்க முடியும். அரை ஷிப்ட்டும் பார்த்தால் வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடுகிறது. 13 வயதுப் பையனும் 7 வயதுப் பெண்ணும் இரண்டு மணி நேரம் தனியாக இருப்பதற்கும், இருட்டிய பிறகும் சேர்த்து நாலரை மணி நேரம் தனியாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஷிப்மென்ட் அவசரத்தில் இன்று அரை ஷிப்ட் உண்டு என்று மதியத்துக்கு மேல்தான் சொல்வார்கள் என்றால், அப்பா அம்மா எப்போது வருவார்கள் என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது. உங்கள் சிக்கல் இந்த அரை ஷிப்ட்டில் இருக்கிறது. அதற்காக முழு வேலையையும் விடுவது, அதுவும் மனைவி மட்டும் விடுவது, தேவைக்கு மீறிய விலை.

கணக்காகவே சொல்கிறேன். இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாளில் வீட்டுக்கு மூன்று ஷிப்ட் கூலி வருகிறது. இருவர் கூலியும் சமம் என்று வைத்துக்கொண்டால், மனைவி வேலையை விட்டால் பாதி போய்விடும். மாறாக, ஒருநாள் நீங்கள், மறுநாள் அவர் என்று முறைவைத்து அரை ஷிப்ட்டை விட்டால், போவது ஆறில் ஒரு பங்கு. கட்டிங் மாஸ்டருக்குக் கூலி அதிகம் என்பதால் உங்கள் வீட்டில் இந்த எண்கள் சற்று மாறும். மாலையில் மனைவி மட்டுமே வந்தால் இன்னும் குறைவாகத்தானே போகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அடிதடிக்குப் போகும் வயதில் உள்ள மகன், வாரத்தில் மூன்று மாலை தந்தையோடு இருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. உங்கள் அம்மா உங்களிடம் இதைக் கேட்க மாட்டார் என்பதால் நான் கேட்கிறேன்.

ஒரு ஷிப்ட் கூலியில் ஒரு குடும்பம் நடக்க வேண்டும் என்பது உங்கள் ஒருவரின் கோரிக்கை அல்ல. வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அரை ஷிப்ட்டுக்குப் பல கம்பெனிகளில் ஒற்றைக் கூலிதான் என்பது திருப்பூரில் எல்லோரும் அறிந்தது. வேலை நாளை 12 மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அன்று நடந்த விவாதம் பெரும்பாலும் தொழிலாளியின் உடல்நலத்தைப் பற்றியும் முதலீட்டைப் பற்றியும் இருந்ததே தவிர, அந்த நேரத்தில் வீட்டில் தனித்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

அரசுத் திட்டங்கள் உங்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் உங்கள் மகளுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு கிடைக்கும். 5ஆம் வகுப்போடு அது நின்றுவிடுவதால் மகனுக்குக் கிடைக்காது. 2023 செப்டம்பர் முதல் வழங்கப்படும் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் உங்கள் மனைவிக்கு வருகிறதா என்று எழுதவில்லை. வருகிறது என்றால், அரை ஷிப்ட்டை விடுவதால் ஏற்படும் குறையில் ஒரு பகுதியை அதைக்கொண்டு ஈடுசெய்யலாம்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரியைக் கொண்டு உங்கள் மகன் ஒருவனைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. பள்ளிக்குப் போகாததற்கு வேறு காரணமும் இருக்கலாம்: அங்கே யாராவது மிரட்டியிருக்கலாம், ஏதோ ஒரு பாடத்தில் பின்தங்கி வெட்கப்பட்டிருக்கலாம். அடிதடி யாரோடு, எதற்காக என்பதை ஆசிரியரிடம் கேட்டது போதாது, அவனிடமும் கேளுங்கள்.

கம்பெனியில் பேசும்போது, வாரத்தில் எந்தெந்த நாள் அரை ஷிப்ட்டுக்கு நிற்க முடியாது என்பதை முன்கூட்டியே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் மறுப்பதைவிட இதற்குச் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஷிப்மென்ட் வாரத்தில் நிச்சயம் முடியாது என்பார்கள்; அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் உங்கள் அம்மாவை ஊரிலிருந்து வந்து இருக்கச் சொல்லலாம். தவணையையும் சீட்டையும் ஆறில் ஐந்து பங்கு வருமானத்தில் சமாளிக்க முடியுமா என்ற கணக்கை நீங்கள் தனியாகப் போடாமல், மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்