நிழலிலும் வளர்ந்து வறட்சியையும் தாங்கும் புல்வகை எது?

இரண்டையும் முழுதாகத் தாங்கும் புல் கிடையாது. வறட்சிக்குப் பேர்போன அருகம்புல்லும் அதன் பெர்முடா ரகங்களும் நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் கேட்கும். நிழலில் நட்டால் மெலிந்து திட்டுத்திட்டாகக் கழியும். நிழலை நன்றாகத் தாங்கும் கார்பெட் புல்லுக்கோ ஈரம் குறையக் கூடாது.

வெளிச்சம் குறைந்தால் புல் தயாரிக்கும் உணவும் குறைகிறது. இருப்பதையும் வெளிச்சம் தேடி இலையை நீட்டுவதில் செலவழித்துவிடும். வேர் மேலாகவே நின்றுவிடும், இலையும் மெல்லியதாகிவிடும். ‘வறட்சி தாங்கும் ரகம்’ என்ற பெயர் பெரும்பாலும் வெயிலில் ஆழமாக வேர்விட்ட புல்லுக்குக் கிடைத்தது. நிழலில் அந்த வேரே உருவாகாது. விதைப் பையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து, அது எதன் நிழல் என்று பாருங்கள். சுவர் நிழலில் மண் மெதுவாகத்தான் காயும். அங்கே வெயிலில் உள்ள புல்லைவிடக் குறைந்த தண்ணீரே போதும். மரத்தடி கதை வேறு. லேசான மழையை இலைகளே பிடித்துக்கொள்ளும். மரத்தின் உறிஞ்சுவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது, புல்லின் பங்கையும் அதுவே குடித்துவிடும். தண்ணீர் பாய்ச்சி இரண்டு நாள் கழித்து நீண்ட ஸ்க்ரூடிரைவரை மரத்தடியிலும் திறந்த இடத்திலும் குத்திப் பாருங்கள். திறந்த இடத்தில் 15 செ.மீ. எளிதாக இறங்கி, மரத்தடியில் பாதியில் நின்றால், அங்கே வெளிச்சத்தோடு ஈரமும் பற்றவில்லை, அல்லது மண் இறுகியிருக்கிறது.

வெப்பப் பகுதிக்கு என் முதல் தேர்வு ஜோய்சியா இனத்து மணிலா புல். நாளுக்கு 4 மணி நேர வெயிலோ, இலை இடுக்கில் விழும் ஒளியோ இருந்தால் சமாளிக்கும், வறட்சியும் தாங்கும். பரவுவது மட்டும் மிக மெதுவாக. துண்டு துண்டாக நட்டால் இடம் நிரம்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நிழல் இன்னும் கூடுதலென்றால் செயின்ட் அகஸ்டின், ஆனால் அதன் வறட்சித் தாங்குதிறன் சுமார்தான். குளிர்ப் பகுதியில் ஹார்ட் ஃபெஸ்க்யூ, சூயிங்ஸ் ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிலை வகைகள்தான் இரண்டு குணத்துக்கும் மிக அருகில் வருபவை. அதிக நடமாட்டமும் தேங்கும் நீரும் அவற்றுக்கு ஆகாது. நிழலுக்கான விதைக் கலவைகள் சிலவற்றில் போவா டிரிவியாலிஸ் என்ற புல்லும் இருக்கும். அது ஈர நிழலுக்கானது, வறட்சி வந்தால் முதலில் காய்வது அதுதான்.

பராமரிப்பில் பலர் தவறுவது தண்ணீரில். தினமும் லேசாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். நிழலில் இலை சீக்கிரம் காயாததால் பூஞ்சை நோயும் வரும். பாய்ச்சினால் 15 செ.மீ. ஆழம் நனையட்டும், பிறகு புல் நீலச்சாம்பல் நிறமாகி, மிதித்த தடம் நிமிராமல் கிடக்கும் வரை பொறுங்கள். அதிகாலையில் பாய்ச்சுவது நல்லது. அளவு பார்க்க, நேரான பக்கமுள்ள சில டப்பாக்களைத் தரையில் வைத்து, அவற்றில் 25 மி.மீ. நிரம்பும் வரை தெளிப்பானை ஓட்டுங்கள்: அது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். மணல் மண்ணில் இதைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள்: செயின்ட் அகஸ்டினுக்கும் ஃபெஸ்க்யூவுக்கும் 7 முதல் 10 செ.மீ.; எந்தப் புல்லானாலும் ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். தழைச்சத்து வெயில் பகுதிக்குக் கொடுப்பதில் பாதி போதும். மிகுந்தால் இலை கொழுத்து வேர் சுருங்கும். மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்வது எந்த உரத்தையும்விடப் பயன் தரும். மேடாக்குகிறேன் என்று வேர்மேல் மண் கொட்டாதீர்கள், மரம் மூச்சுத்திணறும். மக்கிய உரம் 1 செ.மீ.க்குள் தூவினால் போதும்.

நேர்வெயில் 3 மணி நேரத்துக்கும் குறைவான மரத்தடியில் புல்லையே விட்டுவிடுங்கள். 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு இலைச்சருகோ மரப்பட்டையோ மூடாக்காகப் போடுங்கள், அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி.