வாசகர் கேள்வி – பதில்: நாணயத்தில் இருப்பது முத்திரையா, அடிபட்ட தழும்பா?

கேள்வி: எங்கள் ஆச்சியின் பெட்டியில் 1840 என்று பொறித்த விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்றும், சங்கு முத்திரை கொண்ட திருவிதாங்கூர்ச் சக்கர நாணயம் ஒன்றும் கிடைத்தன. ரூபாயில் அரசியின் கன்னத்தில் பூவைப் போன்ற சிறு குழியும் கழுத்தருகே பிறையைப் போன்ற இன்னொரு குழியும் உள்ளன. சக்கரத்தில் சங்கின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. இரண்டுமே அடிபட்டவை என்று கூறி, ரூபாய்க்கு வெள்ளியின் எடைக்குரிய விலையை மட்டும் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அது சரியா? – வாசகி, தக்கலை

பதில்: தயவுசெய்து அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். நீங்கள் பூ என்றும் பிறை என்றும் வடிவத்தைச் சொல்ல முடிகிறது என்பதே, அவை சராப்புகள் இட்ட முத்திரைகளாக இருக்கலாம் என்பதற்கு முதல் அடையாளம். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி பூசிய கள்ள நாணயங்கள் புழங்கிய காலத்தில், பணம் மாற்றிக் கொடுக்கும் சராப்பு, தோலுக்கு அடியிலும் வெள்ளிதான் இருக்கிறதா என்று பார்க்கச் சிறு உளியால் தட்டி, தாம் சோதித்ததற்கு அடையாளமாகத் தமக்கே உரிய குறியையும் பதித்துவிடுவார். முகலாயர் கால ரூபாய்களில் இத்தகைய குறிகள் ஏராளம்.

சாளரத்தின் அருகே சாய்வான வெளிச்சத்தில் நாணயத்தை வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸால் அந்தப் பூவைப் பாருங்கள். உளியால் பதித்த குறியென்றால் குழியின் சுவர் கூர்மையாகவும் அடித்தளம் சமமாகவும் இருக்கும். விலகிய உலோகம் ஓரத்தில் மெல்லிய வரம்பாக எழும்பியிருக்கும். பின்பக்கத்தில் அதற்கு நேர் எதிரான இடம் சற்றே தட்டையாகியிருப்பதும் உண்டு. கீழே விழுந்து பட்ட அடிக்கு ஒழுங்கான வடிவம் இராது. ஒரு திசையில் வழுக்கிச் சென்ற தடமே தெரியும். அரிப்பினால் வந்த குழியோ ஆழம் ஒவ்வோரிடத்தில் ஒவ்வொன்றாக, சொரசொரப்பாக இருக்கும்; உப்புக்காற்று வீசும் நம் கடற்கரை ஊர்களில் செம்பு நாணயங்களில் இதை அடிக்கடி காணலாம். கன்னம் மேடான பகுதியாதலால் தற்செயலான அடியும் அங்கே எளிதில் படும். ஆகவே இடத்தை வைத்து அன்றி, வடிவத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

சக்கரத்தின் கோட்டை மென்மையான மரக்குச்சியின் நுனியால் தொட்டுப் பாருங்கள். கோடு மேலே எழும்பி நின்றால் அது சேதமே அன்று: ஓயாமல் அடித்ததில் விரிசல் கண்ட அச்சின் பிளவுக்குள் உலோகம் புகுந்து உண்டான மேடு அது. பிற்காலக் கீறல் உலோகத்தைத் தோண்டுமே தவிர, இப்படி மேடாக்காது. கோடு பள்ளமாக இருந்தால் மட்டுமே கீறல் என்று கொள்ளலாம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாயாகவும், 16 காசு ஒரு சக்கரமாகவும் கணக்கிட்ட காலத்தின் எச்சம் இது. முன்பு திருவிதாங்கூரின் பகுதியாயிருந்த நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்துடன் இணைந்தது என்பதால், இங்குள்ள பழைய வீடுகளில் இவை கிடைப்பது இயல்பே.

குறையே இல்லாத நாணயத்தைத் தேடுபவர் சராப்புக் குறியுள்ள ரூபாய்க்குக் குறைவாகவே தருவார் என்பது உண்மை. ஆயினும் அதை உருக்கும் வெள்ளியோடு சேர்த்து எடைபோடுவது அநியாயம் என்பதே என் உறுதியான கருத்து. இன்னொருவரிடம் காட்டும்வரை, திருநீறு போட்டோ புளி போட்டோ தேய்த்துவிடாதீர்கள். குறியின் கூர்மையான ஓரம் அதில்தான் முதலில் மழுங்கும்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய வெள்ளி ரூபாயின் மேல் விளிம்பில் துளையும் பற்றுவைத்த தடமும் உள்ளன. இதுவும் சராப்புக் குறியா? – வாசகர், குளச்சல்

பதில்: இல்லை. காசுமாலையில் கோப்பதற்காகத் துளையிட்டு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ததுதான், ஆனால் நாணயச் சேகரிப்பில் இது சேதமாகவே கணக்கிடப்படும். உங்கள் வீட்டுப் பெண்கள் அணிந்த மாலையின் காசு என்றால், விற்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: ஐந்து ரூபாய் நாணயத்தில் ஆண்டின் கீழே சிறு நட்சத்திரம் இருக்கிறது. யாரேனும் பின்னர் பொறித்ததா? – மாணவர், மார்த்தாண்டம்

பதில்: அது ஹைதராபாத் நாணயச்சாலையின் குறி. வைர வடிவம் மும்பைக்கும், புள்ளி நொய்டாவுக்கும் உரியவை. கொல்கத்தா நாணயத்தில் குறி இராது. இக்குறிகள் அச்சிலேயே வெட்டப்படுவதால் நாணயத்தில் மேடாக நிற்கும். பின்னர் அடித்த குறி பள்ளமாகவே விழும்.