கேள்வி – பதில்: புரட்சிக் கதையில் மந்திரத்துக்கு என்ன வேலை?

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியைக் களமாகக் கொண்டு இளையோருக்கான மிகுபுனைவு நாவல் ஒன்றை எழுதிவருகிறேன். பதினாறு வயது நாயகிக்குத் தொட்டதைத் தீப்பற்றச் செய்யும் ஆற்றல் உண்டு. பாஸ்டில் கோட்டை அவளால்தான் வீழ்கிறது. வரலாற்றை இப்படி மாற்ற எனக்கு உரிமையில்லை என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: உரிமை தாராளமாக உண்டு. எனினும் நண்பரின் உறுத்தலிலும் நியாயம் இருக்கிறது. 1788-இல் ஆலங்கட்டி மழையும் வறட்சியும் விளைச்சலைக் கெடுத்தன. 1789-இன் தொடக்கத்தில் பாரிஸில் நான்கு பவுண்டு ரொட்டியின் விலை 14.5 சூ (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) வரை ஏறியபோது, கூலித் தொழிலாளி ஒருவரின் நாள் வருமானம் 20 முதல் 30 சூ வரையே இருந்தது. அந்தப் பசியோடும், நகரைச் சூழ்ந்த அரசப் படைகள் மீதான அச்சத்தோடும், வெடிமருந்தைத் தேடித்தான் மக்கள் ஜூலை 14 அன்று பாஸ்டில் முன் திரண்டார்கள்; தாக்கியவர்களில் ஏறத்தாழ நூறு பேர் மடிந்தார்கள். ஒரு பெண்ணின் விரல் நுனி கோட்டையை வீழ்த்திவிட்டால் அந்த நூறு பேருக்கு உங்கள் நாவலில் இடமே இல்லாமல் போகும். ஆகவே புரட்சியின் காரணத்தை மந்திரத்திடம் ஒப்படைக்காதீர்கள்; அவள் ஆற்றல் எங்கே பயன்படாமல் போகிறது என்பதைத் தேடுங்கள். அவளால் அடுப்பை மூட்ட முடியும், மாவை வரவழைக்க முடியாது. அக்டோபர் 5 அன்று ரொட்டி கேட்டு மழையில் அரசர் வாழ்ந்த வெர்சாய் அரண்மனை வரை நடந்த பெண்களின் கூட்டத்தில் அவளையும் நடக்கவிட்டால், கோட்டையை எரிப்பதைவிட வலிமையான அத்தியாயம் கிடைக்கும்.

கேள்வி: பகுத்தறிவைப் போற்றிய காலம் அது. அதில் மந்திரத்தைப் புகுத்தினால் ஒட்டுமா?

பதில்: நன்றாகவே ஒட்டும். உடலினுள் ஓடும் கண்ணுக்குத் தெரியாத காந்தப் பாய்மத்தைக் கொண்டு நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மர் என்ற மருத்துவரின் பின்னால் புரட்சிக்கு முந்தைய பாரிஸே அலைந்தது. 1784-இல் மன்னர் பதினாறாம் லூயி அமைத்த ஆய்வுக் குழு, அந்தச் சிகிச்சையின் விளைவுகளைக் கற்பனையின் வேலை என்று தீர்ப்பளித்தது. காந்தமேற்றிய மரத்தைக் கண்டறிவதற்காகக் கண்களைக் கட்டி அழைத்துச் செல்லப்பட்ட சுமார் பன்னிரண்டு வயதுச் சிறுவன், காந்தமேற்றாத வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான். குழுவில் இருந்தவர்களைப் பாருங்கள்: பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியலாளர் லவாசியே, வானியலாளர் பெய்யி, மருத்துவர் கியோத்தன். பெய்யி 1793-இலும் லவாசியே 1794-இலும் எந்தத் தலைவெட்டும் எந்திரத்தில் உயிரிழந்தார்களோ, அதற்கு வழங்கும் கில்லட்டின் என்ற பெயர் கியோத்தனிடமிருந்து வந்தது. (புனைகதையில் எழுதினால், இவ்வளவு தற்செயலா என்று பதிப்பாசிரியர் வெட்டிவிடுவார்.) மயங்கி விழுந்த சிறுவனுக்கு 1789-இல் பதினேழு வயது நடந்திருக்கும், அந்த மரத்தில் உண்மையிலேயே ஏதோ இருந்தது என்று கற்பனை செய்யுங்கள், இளையோர் நாவலுக்கான நாயகன் தயாராக நிற்கிறான். வரலாறு பேசாமல் விட்ட இத்தகைய இடைவெளிகளில் ஊன்றும் மந்திரம் எந்த ஆவணத்தோடும் மோதுவதில்லை.

கேள்வி: பதின்பருவத்தினருக்கான நூலில் கில்லட்டினைக் காட்டலாமா?

பதில்: காட்டலாம், மறைத்தால், புரட்சி அரசு தன் எதிரிகளைக் கொல்லத் தொடங்கிய 1793-ஐ எழுதவே முடியாது. அந்த அரசின் ஆட்சிக் குழுவில் இருந்த செயின்ட்-ஜூஸ்ட் தாமே அதில் மாண்டபோது அவருக்கு வயது 26தான். ஆனால் ஆற்றலை ஒளித்து வாழும் ஒருத்திக்கு, எந்திரத்தைவிட 1793 செப்டம்பர் 17 அன்று இயற்றப்பட்ட சந்தேகத்துக்குரியோர் சட்டமே பெரிய அச்சுறுத்தல். வாய் தவறிய ஒரு பேச்சைக் காரணம் காட்டியே கண்காணிப்புக் குழு ஒருவரைக் கைது செய்ய அது இடமளித்தது. கில்லட்டினுக்கு ஓர் அத்தியாயம் போதும். அவளுடைய இரகசியம் அறிந்த தோழிக்கு நான்கைந்து அத்தியாயங்களாவது கொடுங்கள்.