தட்டா, டவுன்லோடா? படம் வாங்குவோருக்கான கேள்வி பதில்

வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

செந்தூல் தம்பி: அண்ணே, ஒரே வரியில சொல்லுங்க. புளூரே வாங்குறதா, ஆப்பிள்ல காசு கட்டி வாங்குறதா?

ஒரே வரியில் முடியாது தம்பி, படத்துக்குப் படம் பதில் மாறும். ஆங்கிலப் படம், ஜப்பானியப் படம் என்றால், திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், 4கே தட்டு (சாதாரணப் புளூரேயைவிட நுணுக்கமான படம் உள்ளது) கிடைத்தால் தட்டையே வாங்குங்கள்.

தமிழ்ப் படத்தின் நிலைமை வேறு. புதுப் படங்களில் பெரும்பாலானவை தட்டில் வருவதே இல்லை. பழைய டிவிடிகளில் பல, மூன்று படத்தை ஒரே தட்டில் திணித்தவை. இரட்டை அடுக்கு டிவிடி கொள்வது 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு ஏறக்குறைய 7.5 மெகாபிட் தகவல் கிடைக்கும். அதே இடத்தில் மூன்று படம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 2.5தான். பாட்டுக் காட்சியில் கூட்டம் ஆடும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். அப்படிப்பட்ட தட்டைவிட எச்டியில் டிஜிட்டலாக வாங்குவது எவ்வளவோ மேல்.

ஆனால் டிஜிட்டலில் நீங்கள் காசு கொடுத்துப் பெறுவது பார்க்கும் உரிமம் மட்டுமே. 2022ல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் இணையக் கடையில் வாங்கிய, ‘ஸ்டூடியோகனால்’ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படங்கள், உரிம ஒப்பந்தம் முடிந்ததும் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டன. இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியாவில் தனிச் சட்டமே 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பத்துமலை அடிவாரம்: லண்டனிலிருந்து அண்ணன் புளூரே அனுப்பினார். இங்கே போட்டால் ஓடவில்லை. தட்டு கெட்டதா?

தட்டு நன்றாகத்தான் இருக்கும். பின் அட்டையில் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும், பாருங்கள். புளூரேயில் மலேசியா ஏ வட்டாரம், பிரிட்டன் பி, இந்தியா சி. பி என்று மட்டும் போட்டிருந்தால் இங்கே வாங்கிய பிளேயர் ஏற்காது. ஏ, பி, சி மூன்றும் இருந்தால் கவலையில்லை. டிவிடியில் இதே கதை எண்ணில்: மலேசியா 3, இந்தியா 5. இந்தியாவில் அச்சான தமிழ் டிவிடிகளில் பல எல்லா வட்டாரத்துக்கும் திறந்தவை, அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தொல்லை தெரியவில்லை. 4கே தட்டுக்கு வட்டாரப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டிக்குள் கூடவே வரும் சாதாரணப் புளூரே பூட்டியதாக இருக்கலாம், கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

காசு கட்டும் முன் பின் அட்டையின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பிறை அக்கா: தம்பி, 2008ல் நடந்த எங்க கல்யாண டிவிடி பாதியிலேயே நின்னுடுது. கடைக்காரர் வேற பிரதி இல்லைன்னுட்டார். காப்பாத்த வழி இருக்கா?

அக்கா, இன்று வந்ததில் அவசரமான கேள்வி உங்களுடையதுதான். கடையில் விற்கும் படத் தட்டு அச்சில் அழுத்தியது. கல்யாணத் தட்டு கணினியில் எழுதியது, அடிப்பக்கம் ஊதா சாயல் அடிக்கும். அதில் தகவல் நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் சூடும் அந்தச் சாயத்தைத் தின்றுவிடும். மேலே தம்பதி படம் போட்ட தாள் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். நம் ஊர் ஈரத்தில் தாள் உப்பி, தட்டு லேசாக வளையும், வேகமாகச் சுழலும்போது ஆடும். அந்தத் தாளை மட்டும் உரிக்காதீர்கள், தட்டு இரண்டாகப் பிளந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது இது. முதலில் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில் ஓடுகிறது, வட்டமாக விழும் கீறல் தொடர்ச்சியாக ஒரே பாதையை அழிக்கும். குறுக்குக் கீறலைப் பிளேயரின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். மேல்பக்கத் தாளில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த பின் வரவேற்பறைப் பிளேயரில் திரும்பப் போட்டுச் சோதிக்க வேண்டாம். கணினியில் யுஎஸ்பி டிவிடி ரைட்டரை மாட்டி, தட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற செயலி போதும், வாசிக்கும் வேகத்தை 4 மடங்குக்கு இறக்கிவிடுங்கள். அதிலும் நின்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புச் செயலி. அது முதலில் நல்ல இடங்களை அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும், பிறகு அவற்றை மட்டும் திரும்ப முயலும். ஒரு டிரைவ் வாசிக்காததை இன்னொரு டிரைவ் வாசிப்பதுண்டு, அதே வரைபடக் கோப்பைக் கொடுத்துத் தொடரலாம்.

இன்னொன்று. கல்யாணத் தட்டை யாரும் ஒன்றாகக் கொடுப்பதில்லை, இரண்டு மூன்று பிரதி கொடுத்திருப்பார்கள். மாமியார் வீட்டில், நாத்தனார் வீட்டில் கேளுங்கள். ஒரே மூலத்திலிருந்து எழுதிய பிரதி என்றால் உங்கள் தட்டின் ஓட்டைகளை அதிலிருந்தே அடைத்துவிடலாம். எடுத்து முடித்ததும் ஐஎஸ்ஓவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். புதிதாக ஒரு டிவிடியில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஜெலுத்தோங் ரசிகன்: பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இருக்கே, தனியா பிளேயர் எதுக்கு?

தட்டு போடும் வாய் உள்ள பிஎஸ்5 என்றால் 4கே தட்டு ஓடும். டால்பி விஷன் (காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரிசெய்யும் எச்டிஆர் வகை) வராது, சாதாரண எச்டிஆர்தான் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் முறை). ஆடியோ சிடி, விசிடி இரண்டும் ஓடாது. வீட்டில் பழைய விசிடி அடுக்கு இருந்தால் சாதாரண டிவிடி பிளேயர் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். தனிப் பிளேயர் வேண்டுமென்றால் தள்ளிப் போட வேண்டாம். பிளேயர் செய்வதிலிருந்து ஓப்போ 2018ல் விலகியது, சாம்சுங் 2019ல், எல்ஜி 2024ல்.

செராஸ் சினிமா: ஐயா, நீங்கள் தட்டுக்கே பரிந்து பேசுகிறீர்கள். 4கே ஸ்ட்ரீம் 2160 வரி, புளூரே 1080 வரி. இதில் என்ன வாதம்?

உங்கள் டிவி எத்தனை அங்குலம், எவ்வளவு தூரத்தில் உட்காருகிறீர்கள்? 55 அங்குல டிவியில் 1080 வரிப் படத்தின் ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர். நல்ல கண் பார்வைக்கும் 2.2 மீட்டர் தாண்டினால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. நம் அடுக்குமாடி வீடுகளில் சோபா 3 மீட்டரில் இருக்கும். அங்கே வரிக் கணக்கு செல்லாது, நொடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்பதே செல்லும். புளூரே படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம். 4கே ஸ்ட்ரீம் பெரும்பாலும் 15 முதல் 25.

செராஸ் சினிமா: கோடெக்கை, அதாவது படத்தைச் சுருக்கும் முறையை, விட்டுவிட்டீர்களே! ஸ்ட்ரீம் எச்இவிசி, புளூரே பழைய ஏவிசி. எச்இவிசிக்குப் பாதி மெகாபிட் போதும். 16 என்பது 32க்குச் சமம்.

ஜெலுத்தோங் ரசிகன்: அவர் சொல்றது சரிதானே அண்ணே? எங்க வீட்டில 4கே ஸ்ட்ரீம்தான் பளிச்சுன்னு இருக்கு.

கணக்கு சரி, முடிவு சரியில்லை. பளிச்சென்று தெரிவது எச்டிஆரால், வரியால் அல்ல. பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் பேசும் காட்சியில் இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம், அதை மறுக்கவில்லை. மழை, புகை, இருட்டு மூன்றும் சேர்ந்த காட்சியைப் போட்டுப் பாருங்கள். தட்டு அந்த நொடியில் தேவையான அளவுக்கு ஏறிக்கொள்ளும். ஸ்ட்ரீமுக்கு உச்சவரம்பு உண்டு, கறுப்புச் சுவரில் பட்டை பட்டையாகப் படிக்கட்டு விழும். ஒலியில் வாதத்துக்கே இடமில்லை: ஸ்ட்ரீமில் டால்பி நொடிக்கு 768 கிலோபிட்டுக்குள் அடங்கும், தட்டில் தரம் இழக்காத ஒலி பல மெகாபிட். டிவி ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இது தெரியாது. ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவருக்கு முதல் தவில் அடியிலேயே தெரியும்.

உங்கள் ஒப்பீட்டுக்குச் சரியான எதிராளி 4கே தட்டு. அதுவும் எச்இவிசிதான், ஒலியையும் சேர்த்து 128 மெகாபிட் வரை போகும்.

செராஸ் சினிமா: அப்போ தமிழ்ப் படத்துக்கு?

தமிழ்ப் படத்துக்கு 4கே தட்டு அபூர்வம். அங்கே ஸ்ட்ரீம்தான் கையில் கிடைக்கும் நல்ல பிரதி, முதல் பதிலிலேயே சொன்னேன். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிள்ளான் ரோடு: ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினேன். யூனிஃபை இணையம் 300 மெகாபிட் இருந்தும் படம் மங்கல்.

இணையத்தில் குறையில்லை. பெட்டியில் டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியைப் போட்டு வைட்வைன் (படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டு) வரியைப் பாருங்கள். எல்3 என்று இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் எச்டி தராது, எந்த வேக இணையமும் உதவாது. எல்1 உள்ள பெட்டியாக மாற்றுங்கள். திருட்டுச் சேனல் நிரப்பி விற்கும் பெட்டி என்றால் என்னிடம் கேட்காதீர்கள். 2022ல் திருத்திய மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் அதை விற்பவரைக் குறிவைக்கிறது.

பூச்சோங் அம்மா: விமானத்தில் பிள்ளைகளுக்குப் படம் இறக்கி வைத்தேன், போகும்போது திறக்கவில்லை.

சந்தா செயலியில் இறக்கியதற்குக் காலக்கெடு உண்டு, சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். கிளம்புவதற்கு முந்தைய இரவு விமானப் பயன்முறையைப் போட்டு ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஆப்பிளில் 4கே என்று வாங்கியதும் 4கேயாக இறங்காது, இறக்கினால் எச்டிதான்.

தாமான் மெலாவத்தி: கீறலுக்குப் பற்பசை தேய்க்கலாமா?

புளூரேயில் கூடவே கூடாது. தகவல் அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது, மேலே இருப்பது ஒரு கடினப் பூச்சு மட்டும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருப்பதால் பாலிஷ் போட இடமுண்டு, அதையும் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

ஜார்ஜ்டவுன் மாடிவீடு: தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை.

மேலாகப் படிந்ததை அக்காவுக்குச் சொன்ன முறையில் கழுவலாம். பிறகு நிறுத்தி வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறைப் புத்தகத்தில் செருகுவதை விடுங்கள், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். கேமராவுக்கு விற்கும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று, 40 முதல் 50 சதவீதத்தில்.

ரவாங்: அமெரிக்காவிலிருந்து புளூரே வாங்கினால் ஓடுமா?

ஏ வட்டாரம், ஓடும். பின் அட்டை, பின் அட்டை. மேலே பத்துமலைக்காரருக்குச் சொன்னது.

சுங்கை பூலோ: இந்தியாவிலிருந்து வாங்கினால்?

மேலே.

பிறை அக்கா: தம்பி, நாத்தனார் கிட்ட ஒரு பிரதி இருந்துச்சு, முழுசா வந்துடுச்சு! ஆனா கணினியில பார்த்தா யாராவது நடந்தா சீப்பு மாதிரி கோடு கோடா வருது.

கெட்டுப்போகவில்லை அக்கா. பழைய வீடியோ கேமரா ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என இரண்டு பாதியாக எடுக்கும். கணினி இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் அசைவில் சீப்பு விழுகிறது. விஎல்சியில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, யாடிஃப் 2எக்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்கு ஃபோனில் அனுப்ப ஹேண்ட்பிரேக் என்ற செயலியில் பாப் தேர்வுடன் நொடிக்கு 50 ஃபிரேமாக ஒரு எம்பி4 எடுத்துக்கொள்ளலாம். மூல ஐஎஸ்ஓவை மட்டும் அழித்துவிடாதீர்கள், இரண்டாவது ஹார்ட் டிஸ்கில் போடும் வேலையை இன்றைக்கே முடியுங்கள்.