சிறு குழந்தைகளோடு நான்கு நாள் வியன்னா: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மூன்று வயதிலும் ஆறு வயதிலும் உள்ள குழந்தைகளை அழைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் நான்கு நாள் வியன்னா போவது சரிப்படுமா, அரண்மனையும் அருங்காட்சியகமுமாக இருக்கும் ஊரில் அவர்கள் சலித்துப்போக மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் நாளுக்கு மூன்று என்று நீங்கள் குறித்துவைத்திருக்கும் பன்னிரண்டு இடங்களில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். காலையில் ஓர் இடம், மதியத்துக்குப் பிறகு புல்வெளியோ விளையாட்டுத் திடலோ தண்ணீரோ இருக்கும் ஏதாவது ஒரு பக்கம் என்பதுதான் எங்களுக்கு ஒத்துவந்த கணக்கு. அதையும் முதல் நாள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தோம்.

நாங்கள் மியூனிக்கில் வசிக்கிறோம். 2023 ஆகஸ்டில், மகளுக்கு ஏழு வயதும் மகனுக்கு நான்கு வயதும் நடந்துகொண்டிருந்தபோது ரயிலில் போனோம். ரெயில்ஜெட் வண்டியில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில் குழந்தைகளுக்குப் படம் ஓடும் சிறிய திரை இருந்ததால் வழியில் சிரமமே இல்லை. அந்தப் பகுதியில் இடம் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். சிரமம் ஊரில் இறங்கிய பிறகு வந்தது. அன்று சனிக்கிழமை. பெட்டிகளை வைத்துவிட்டு, குழந்தைகளைக் குளிப்பாட்டி, பாலும் தயிரும் வாங்க நான் கீழே இறங்கியபோது மணி ஆறரை. தெருவில் இருந்த சூப்பர் மார்க்கெட் ஆறு மணிக்கே சாத்தியாகிவிட்டது, மறுநாள் ஞாயிறு முழுவதும் திறக்காது. ஜெர்மனியிலும் ஞாயிறு கடை இல்லை என்று தெரிந்தவள்தான் நான். ஆனாலும் சனிக்கிழமை இரவு வரை திறந்திருக்கும் மியூனிக் வழக்கத்தை நம்பி ஏமாந்தேன். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் ஞாயிறும் திறந்திருக்கும் என்பதை நாங்கள் தங்கிய குடியிருப்பின் உரிமையாளர் சொல்ல, மறுநாள் காலையில் என் கணவர் பிராட்டர்ஷ்டெர்ன் நிலையம் வரை போய்ப் பால் வாங்கிவந்தார். நீங்களும் சமையலறை உள்ள குடியிருப்பைத்தான் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரிசியும் ஒரு சிறிய குக்கரும் கையில் இருந்தால் இரவு வேளை தயிர் சாதத்தோடு முடிந்துவிடும்.

உங்கள் பட்டியலில் முதலில் இருக்கும் ஷோன்புருன் அரண்மனைக்கு முழு நாளையும் கொடுங்கள். ஆனால் அரண்மனைக்காக அல்ல. 1,441 அறைகள் கொண்ட அந்த மாளிகையில் பார்வையாளர்கள் காண்பது சில பத்து அறைகளைத்தான். எங்கள் மகன் ஆறாவது அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். மகள் கொஞ்சம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இசைமேதை மொட்சார்ட். 1762இல், ஆறு வயதில், அவர் இந்த அரண்மனையில்தான் பேரரசி மரியா தெரேசாவின் முன்னால் இசைக்கருவி வாசித்தார் என்று கேட்டதும், "அவரையும் தினமும் பிராக்டிஸ் பண்ணச் சொல்லி அடிச்சாங்களாமா?" என்று கேட்டாள். அவளுடைய பியானோ வகுப்பு பற்றி எங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியா தெரேசாவுக்குப் பதினாறு பிள்ளைகள் என்ற செய்தி அவளை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது. உள்ளே போக வேண்டுமென்றால் நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, இருப்பதிலேயே குறுகிய சுற்றைத் தேர்ந்தெடுங்கள். அதே வளாகத்தில் உள்ள குழந்தைகள் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து இளவரசி உடையை மாட்டிக்கொள்ளலாம், அரச விருந்துக்கு மேசை அலங்கரிக்கலாம். தங்க முலாம் பூசிய கூரைகளைக் காட்டிலும் அதுதான் அவர்களுக்கு அரண்மனை.

அந்த வளாகத்தின் உண்மையான பொக்கிஷம் விலங்குக் காட்சிசாலை. மரியா தெரேசாவின் கணவர், பேரரசர் முதலாம் ஃபிரான்ஸ் 1752இல் அமைத்தது. இன்றும் இயங்கிவரும் காட்சிசாலைகளில் உலகிலேயே மிகப் பழையது. நடுவில் அரச குடும்பத்தார் அமர்ந்து சிற்றுண்டி அருந்திய எண்கோண மண்டபம் இருக்கிறது. பழைய விலங்குக் கூடங்கள் அதைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிகின்றன. பழையது என்பதால் நெருக்கமாகவும் வாடையாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு, பனிக்கரடி நீருக்கடியில் நீந்துவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் இடத்தில் மகனை நகர்த்தவே முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றது ஆச்சரியம்தான். ஆகஸ்ட் வெயில் கடுமையாக இருக்கும். காலை ஒன்பது மணிக்குத் திறந்தவுடன் உள்ளே போய், நண்பகலில் மர நிழலுக்குத் திரும்பிவிடுவது நல்லது. அரண்மனைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மேட்டின் உச்சியில் உள்ள குளோரியட் மண்டபம் வரை தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினால் ஊர் முழுவதும் தெரியும். நாங்கள் பாதியில் திரும்பிவிட்டோம், அதற்காக வருந்தவும் இல்லை.

நகரத்துக்குள் புனித ஸ்டீஃபன் பேராலயத்தைத் தவறவிடாதீர்கள். சுமார் 136 மீட்டர் உயரமுள்ள தெற்குக் கோபுரத்தில் பார்வை மேடைக்கு ஏற 343 படிகள். வடக்குக் கோபுரத்துக்கு மின்தூக்கி உண்டு, பும்மரின் என்ற இருபது டன்னுக்கும் மேல் எடையுள்ள பெரிய மணி தொங்குவதும் அங்கேதான். நாங்கள் பிரிந்துகொண்டோம். மகளும் அவள் அப்பாவும் படியில் ஏறினார்கள். நான் மகனோடு மின்தூக்கியில் போய் மணியைப் பார்த்தேன். படிகளை எண்ணிக்கொண்டே ஏறியவளுக்கு 347 வந்ததாம்; புத்தகத்தில் போட்டிருப்பது தப்பு என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். வளைந்து வளைந்து ஏறும் குறுகலான படிக்கட்டு, எதிரில் இறங்குபவர்களுக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற நினைக்காதீர்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் ஹோஹர் மார்க்ட் சதுக்கத்தில், இரண்டு கட்டடங்களை இணைக்கும் பாலத்தின் மேல் ஆங்கர் கடிகாரம் இருக்கிறது. மணிக்கு ஒரு வரலாற்று உருவம் என்று நகரும் அந்தக் கடிகாரத்தில், நண்பகல் பன்னிரண்டுக்கு மட்டும் பன்னிரண்டு உருவங்களும் இசையோடு ஊர்வலம் போகின்றன. நாலாவது உருவத்துக்கு மேல் என் மகன் புறாக்களைத் துரத்தப் போய்விட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அருங்காட்சியகம் ஒன்று போதும், அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கட்டும். பத்தொன்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, செவ்வாய்க்கிழமை விடுமுறை. சுமார் பதினொரு சென்டிமீட்டரே உயரமுள்ள, ஏறக்குறைய 29,500 ஆண்டுப் பழமையான, வில்லெண்டார்ஃப் என்ற ஊரில் கிடைத்த பெண் சிலையைப் பெரியவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு டைனோசர் கூடம். அங்கே அசைந்து உறுமும் அல்லோசரஸ் பொம்மை ஒன்று இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை, என் மகன் அன்று இரவு விளக்கை அணைக்க விடவில்லை.

பிராட்டர் பூங்காவுக்கு மாலையில் போங்கள். உள்ளே நுழையக் காசு இல்லை, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியே காசு. நம் ஊர்ப் பொருட்காட்சியில் பெற்றோரின் பை இளைக்கும் அதே விதம்தான். ஆளுக்கு மூன்று என்று வாசலிலேயே பேசி முடித்துக்கொண்டோம். 1897இல் எழுப்பிய, ஏறக்குறைய 65 மீட்டர் உயரமான ராட்சத ராட்டினம் இரண்டாம் உலகப் போரில் எரிந்து, மறுபடி கட்டியபோது முப்பது பெட்டிகளுக்குப் பதிலாகப் பதினைந்து மட்டுமே பூட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஜன்னல் வைத்த சிறிய அறை போல இருக்கிறது. மிக மெதுவாகச் சுற்றுவதால் பயமே தெரியாது. "வீடு மேல போகுது" என்றான் மகன். ஆனால் அவனுடைய மூன்று வாய்ப்பில் இரண்டை எடுத்துக்கொண்டது 1928 முதல் ஓடும் லிலிபுட் என்ற குட்டி ரயில்.

ஒரு நாளை டான்யூப் தீவுக்கு ஒதுக்குங்கள். வெள்ளத்தைத் திருப்புவதற்காக 1970களிலும் 80களிலும் புதிய கால்வாய் தோண்டியபோது வெளிவந்த மண்ணால் உருவான, 21 கிலோமீட்டர் நீளத் தீவு அது. யூ1 சுரங்க ரயிலின் நிலையம் ஒன்று தீவின் மேலேயே இருக்கிறது. மாற்றுடை எடுத்துப்போய்க் குழந்தைகளைத் தண்ணீரில் விட்டுவிடலாம். எங்கள் பிள்ளைகளிடம் வியன்னாவில் எது பிடித்தது என்று கேட்டால் முதலில் வருவது அரண்மனை அல்ல, இதுதான். குடிக்கவும் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. மலை ஊற்று நீர் 1873 முதல் நெடுந்தொலைவுக் குழாய் வழியாக நகரத்துக்கு வருகிறது. தெருவோரக் குழாயில் பாட்டிலைப் பிடித்துக் குடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். கைசர்ஷ்மாரன் என்ற, பிய்த்துப் போட்டுச் சர்க்கரை தூவிய தடித்த அப்பத்தை ஒரு தட்டு வாங்கினால் இரண்டு குழந்தைகளுக்குப் போதும். முட்டை சேர்ந்தது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் கிடையாது. நாங்கள் போனபோது வியன்னாவின் பள்ளி விடுமுறை நாட்களில் பதினைந்து வயது வரைக்கும் கிடையாது என்பதால் மகளுக்கும் சீட்டு வாங்கவில்லை. வயதுக்குச் சான்று கையில் இருக்கட்டும். டிராம் நிறுத்தத்தின் அறிவிப்புப் பலகையில் சக்கர நாற்காலிக் குறி தெரிந்தால் அது தாழ்தள வண்டி, தள்ளுவண்டியோடு நேராக ஏறிவிடலாம். மூன்று வயதாகிவிட்டது, தள்ளுவண்டி எதற்கு என்று நினைக்காதீர்கள். கடைசி நாள் மதியம் மகன் அதில் உறங்கிவிட, ஸ்வீடன்பிளாட்ஸில் 2ஆம் எண் டிராமில் ஏறி, ஆபரா மாளிகையில் இறங்கி, 1ஆம் எண்ணில் மாறிக்கொண்டு நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் என்று பழைய நகரத்தைச் சூழ்ந்திருக்கும் ரிங் சாலை முழுவதையும் சுற்றிவந்தோம். ஒரே வண்டி முழு வட்டம் அடிப்பதில்லை என்பதால் இந்த மாற்றம் தேவை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு இன்னொரு சுற்று கேட்டாள், தம்பி எழும் வரைக்கும் என்று ஒப்புக்கொண்டோம். அவன் இரண்டாம் சுற்றிலும் எழவில்லை.