பந்திக்குப் போகப் பயமாயிருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 24 வயது. பி.எட். முடித்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்களுடையது 28 குடும்பங்கள் மட்டுமே உள்ள சின்ன லுத்தரன் சபை. எங்கள் ஐயருக்கு, அதாவது போதகருக்கு, எங்களையும் சேர்த்து நான்கு கோயில்கள். மாதத்தின் முதல் ஞாயிறு வந்து இராப்போஜனம், அதாவது அப்பமும் ரசமும் பெறும் பந்தி, கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு என்னுடையது.

ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு முதல் ஞாயிறு. "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" பாடிக்கொண்டிருக்கும்போது இயேசுவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை மனதில் வந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போய்விட்டது. அப்படியே பலிபீடத்துக்கு முன்னுள்ள கிராதிக்குப் போய் அப்பமும் ரசமும் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் 1 கொரிந்தியர் 11:27 ஞாபகம் வந்தது. "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், புசித்துவிட்டேனே என்று அன்றிலிருந்து நிம்மதி இல்லை.

இப்போது அந்த மாதிரி வார்த்தைகளும் படங்களும் தினமும் வருகின்றன. வந்தவுடன் "இயேசுவே மன்னியும்" என்று ஏழு தடவை சொல்வேன். இடையில் இன்னொன்று வந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குவேன். பாவங்களை எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இராப்போஜனத்துக்கு முந்தின இரவு பத்து மணிக்கு முழங்காலில் நின்றால் எழுந்திருக்கும்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிவிடும். ஒருமுறை அப்பத்தின் துகள் கையில் ஒட்டியிருக்குமோ என்று வீட்டுக்குப் போகும்வரை கையை விரித்தபடியே நடந்தேன். ஐயருக்கு வாரத்தில் நாலைந்து தடவை போன் செய்து, "இது மன்னிக்கப்படுமா?" என்று கேட்கிறேன். அவர் பொறுமையாகச் சொல்வார். ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடியும் சந்தேகம்.

மூன்று மாதமாகப் பந்திக்குப் போகவில்லை. சின்னச் சபை, எல்லோருக்கும் தெரிகிறது. பெரியம்மா ஒருவர் என் அம்மாவிடம், "பிள்ளைக்கு ஏதாவது விவகாரமா?" என்றே கேட்டுவிட்டார். டவுனில் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் தோழி இது பிசாசின் பிடி என்று சொல்லி மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னாள். இருந்தேன். இன்னும் அதிகமானதுதான் மிச்சம்.

நான் பரிசுத்த ஆவிக்கு விரோதமாகத் தூஷணம் செய்துவிட்டேனா? வரும் முதல் ஞாயிறு பந்திக்குப் போகலாமா? இதற்கு மனநல மருத்துவரிடம் போனால் என் விசுவாசம் குறைவு என்றுதானே அர்த்தம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு ஒரே ஒருமுறை பதில் சொல்கிறேன். மத்தேயு 12-ல் இயேசு அதை மன்னிக்கப்படாத பாவம் என்று சொன்னது, அவர் பிசாசு பிடித்தவனைக் குணமாக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தெரிந்தே, "இது பெயெல்செபூலின் வேலை" என்று அறிவித்தவர்களைப் பார்த்து. தானாக வந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மணி நேரம் முழங்காலில் நிற்கும் பெண்ணைப் பார்த்து அல்ல. நீங்கள் அதைச் செய்யவில்லை. இந்த வரிகளை வெட்டி எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டாம். ஏன் என்று கீழே புரியும்.

உங்கள் கடிதம் காட்டுவது எண்ணச் சுழற்சி நோயின் அடையாளங்களை. ஓ.சி.டி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உறுதி செய்யவேண்டியவர் நேரில் பார்க்கும் மனநல மருத்துவர். ஆனால் விரும்பாமல் வரும் எண்ணம், அதனால் எழும் பயம், பயத்தை அடக்கச் செய்யும் சடங்கு, சிறிது நேர நிம்மதி, மறுபடி எண்ணம் என்ற வட்டம் உங்கள் கடிதத்தில் முழுதாக இருக்கிறது. சிலர் கையைக் கழுவுவார்கள், சிலர் பூட்டை இழுத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கு அது ஏழு தடவை மன்னிப்புக் கேட்பதாக வந்திருக்கிறது. இந்த நோய் ஒருவர் மிகவும் நேசிப்பதைத்தான் பிடித்து ஆட்டும். கைக்குழந்தையின் தாய்க்குக் குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவேனோ என்று வரும், பக்தியுள்ளவருக்குத் தூஷணமாக வரும். அந்த வார்த்தை உங்களைச் சில்லிட வைத்ததே, அது உங்கள் வார்த்தை அல்ல என்பதற்கு அதுவே அடையாளம்.

பக்தியில் வரும் இந்த வாதைக்கு மேல்நாட்டுச் சபைகளில் வழங்கும் "ஸ்க்ரூபுலாசிட்டி" என்ற பெயர், கூரான சிறு கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல. நடக்கலாம், ஒவ்வொரு அடியும் வலிக்கும்.

உங்கள் சபையின் பெயரிலேயே இருக்கும் மனிதருக்கு இது புதிதல்ல. 1505-ல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த லுத்தர் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார். முடித்துவிட்டு வந்தபின் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வரும். 1507-ல் முதல் பூசை நடத்தியபோது பயத்தில் தடுமாறினார். அவருடைய துறவற சபையின் தலைவர் ஸ்டௌபிட்ஸ், உன் பாவங்களைத் தோண்டுவதை விட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திருப்பிவிட்டார். லுத்தருக்கு இந்த நோய் இருந்தது என்று ஐந்நூறு வருடம் கழித்து நான் சீட்டு எழுத முடியாது. ஆனால் இந்த வேதனையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதியது உங்கள் ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் போதனை நூல் என்பது அதைத் திறந்தாலே தெரியும்.

திடப்படுத்தலுக்கு மனப்பாடம் செய்த சிறிய ஞானோபதேசத்தை எடுங்கள். 1529-ல் எழுதியது. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்தவற்றுள் இதுவும் ஒன்று. அதில் இராப்போஜனப் பகுதியின் கடைசிக் கேள்வி, பாத்திரவான் யார் என்பதுதான். உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளி ஒழுக்கம், ஆனால் "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது" என்ற வார்த்தைகளை விசுவாசிக்கிறவனே பாத்திரவான் என்று பதில் வருகிறது. மனம் சுத்தமாக இருக்கிறதாக உணர்ந்தவன் என்று அங்கே இல்லை. பாவ அறிக்கையைப் பற்றிய பகுதியிலோ, பாரம் எதுவும் தெரியாதவன் பாவங்களைத் தேடவும் புதிதாக உண்டாக்கவும் வேண்டாம், அப்படிச் செய்தால் அறிக்கை ஒரு சித்திரவதையாகிவிடும் என்று லுத்தரே எச்சரிக்கிறார். லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530-ன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 11-ஆம் பிரிவும், எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்வது முடியாத காரியம் என்று சங்கீதம் 19:12-ஐ ஆதாரம் காட்டுகிறது: "தன் பிழைகளை உணருகிறவன் யார்?" உங்கள் நோட்டு உங்கள் சபை கேட்காத ஒன்று.

அந்த 27-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தோடு சேர்த்துப் பாருங்கள். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுலின் கோபம் அதன்மேல்.

இனி செய்யவேண்டியவை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு எடுங்கள். "கடவுளைப் பற்றிக் கெட்ட எண்ணம் வருகிறது, போக்கச் சடங்கு செய்கிறேன், தினமும் இத்தனை மணி நேரம் போகிறது" என்று மூன்றையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "தூக்கம் இல்லை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். ஃப்ளூயாக்ஸெட்டின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சமைன் போன்ற மருந்துகள் தருவார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு கூடுதலாக இருக்கலாம். முதல் இரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் வரலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாம் வாரமே "ஒன்றும் பலிக்கவில்லை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. குணம் தெரிந்தபின்னும் ஒரு வருடமாவது தொடரவேண்டிவரும், நீங்களாக நிறுத்தக்கூடாது.

மருந்தோடு சேர்ந்து நிற்கவேண்டியது, பயத்தை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி. பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள். இதற்காகத் தெய்வ நிந்தனை பேசச் சொல்வார்களோ என்று அஞ்சவேண்டாம். உங்கள் சபை பாவம் என்று கருதும் எதையும் நல்ல சிகிச்சையாளர் செய்யச் சொல்லமாட்டார். உங்கள் சபையில் மற்ற எல்லோரும் செய்வதை, அவர்கள் செய்யும் அளவுக்கு மட்டும் செய்யவேண்டும், அவ்வளவே.

அளவு என்றால் என்ன என்று சொல்கிறேன். ஞாயிறு பொது அறிக்கையைச் சபையோடு, சபையின் வேகத்திலேயே சொல்லுங்கள். ஒரு வார்த்தை விழுங்கிப்போனால் போகட்டும். நடுவில் கெட்ட எண்ணம் வந்தால் நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போங்கள். பாவமன்னிப்பு கூறப்பட்டபின் அந்த வாரத்துக்கு அது முடிந்தது. வீட்டில் இரவு ஜெபம் கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம்: விசுவாசப்பிரமாணம் ஒருமுறை, கர்த்தருடைய ஜெபம் ஒருமுறை, ஞானோபதேசத்தில் உள்ள சாயங்கால ஜெபம் ஒருமுறை. அந்த ஜெபத்தின் கீழே என்ன இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உடனே சந்தோஷமாகத் தூங்கப் போ என்று இருக்கிறது. அதுவும் ஞானோபதேசத்தில் உள்ளதுதான், கீழ்ப்படியுங்கள்.

பந்திக்குத் திரும்புவதைப் படிப்படியாக வைத்துக்கொள்ளுங்கள். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 27-ஆம் வசனத்தை ஒருமுறை வாசித்து வேதத்தை மூடிவிடுவது உங்களுக்கு 30 ஆக இருக்கலாம். "பரிசுத்தர்" பாடலை முழுதும் பாடி, வந்த எண்ணத்துக்குப் பதில் சொல்லாமல் நிற்பது 50. முந்தின இரவு பத்து நிமிடத்தில் படுத்துவிட்டுக் காலையில் கிராதியில் முழங்காலிடுவது 75. வாங்கும் நொடியிலேயே எண்ணம் வந்து, கையை விரித்துப் பார்க்காமல் இடத்துக்குத் திரும்பி, மாலைவரை மன்னிப்பு கேட்காமல் இருப்பது 90. ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும்வரை அதையே தினமும் செய்துவிட்டு மேலே போங்கள். கிராதியில் செய்வதைத் தினமும் செய்ய முடியாதே என்றால், காலி உள்ளங்கையை நீட்டி மடக்கிக்கொண்டு சரிபார்க்காமல் பத்து நிமிடம் வீட்டு வேலை பார்ப்பதுகூடப் பயிற்சிதான்.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஏழு தடவை சொல்வதை நிறுத்தியவர்கள் மனதுக்குள் ஒருமுறை "நல்ல" வசனத்தை ஓடவிடுவார்கள், அல்லது "இப்போது எனக்கு விசுவாசம் இருக்கிறதா?" என்று உள்ளே சோதித்துப் பார்ப்பார்கள். வெளியே தெரியாத இதுவும் சடங்கே. தலைக்கு மேல் பறவை பறப்பதைத் தடுக்க முடியாது, முடியில் கூடு கட்டுவதைத் தடுக்கலாம் என்ற பழந்துறவியின் சொல்லை லுத்தர் எடுத்தாள்வார். அந்தக் கூட்டுக்குச் சுள்ளி எடுத்துக் கொடுப்பது உங்கள் பதில்கள்தான். பறவை பறக்கட்டும், அண்ணாந்து பார்க்காமல் கரும்பலகையில் கணக்கைப் போடுங்கள்.

ஐயரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒவ்வொரு "மன்னிக்கப்படும்" என்பதும் ஒரு மணி நேர மாத்திரையாகி நோயை வளர்க்கிறது. முதல் வாரம் மூன்று போன், அடுத்த இரு வாரங்களும் இரண்டிரண்டு, நாலாம் வாரத்திலிருந்து ஒன்று, அதுவும் குறித்த நாளில், பத்து நிமிடம் என்று பேசிக்கொள்ளுங்கள். இடையில் கேட்டால் அவர், "அதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டேன் அம்மா, சனிக்கிழமை பேசுவோம்" என்று மட்டும் சொல்லவேண்டும். கடுமையாகத் தோன்றும், ஆனால் உங்கள்மேல் உள்ள அக்கறையில் செய்வது. அம்மாவுக்கும் இதே விதி. துகள், சிந்திய ரசம் பற்றிய சந்தேகத்தை ஐயரிடம் ஒரே ஒருமுறை கேட்டு, அவர் சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள்.

உபவாசம் இப்போது வேண்டாம். பட்டினி, தூக்கமின்மை, தனிமை மூன்றும் இந்த எண்ணங்களுக்குத் தீனி. 1530-ல் வெல்லர் என்ற வாலிபருக்கு எழுதிய கடிதத்தில் லுத்தரும் தனிமையைத் தவிர்க்கச் சொல்கிறார், அந்த எண்ணங்களோடு வாதாடாதே என்கிறார். தோழி அன்பினால்தான் சொன்னாள். ஆனால் பிசாசு பிடித்திருக்கிறது என்ற வார்த்தை உங்களுக்கு இன்னொரு சுள்ளி.

மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவா என்று கேட்டீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கும் உங்கள் உபதேசியாரிடம் அப்படிக் கேட்பீர்களா?

சபையாருக்கு விளக்கம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பெரியம்மா மறுபடி கேட்டால், "உடம்புக்கு முடியவில்லை பெரியம்மா, வைத்தியம் பார்க்கிறோம்" என்று அம்மா சொல்லட்டும். அது உண்மையும்கூட. ஞாயிறு பள்ளியை விடவேண்டாம். பாட்டும் கதையும் பிள்ளைகளின் சத்தமும் உள்ள அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு மருந்து.

வாழவே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால் காத்திராமல் அம்மாவிடம் சொல்லிவிட்டு 14416-ஐ அழையுங்கள். டெலி மனாஸ் சேவை, கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

வரும் முதல் ஞாயிறு பந்திக்குப் போகலாமா என்றால், போகலாம். சந்தேகம் தீர்ந்தபின் அல்ல, சந்தேகத்தோடேயே. அன்று முடியாவிட்டால் அடுத்த முதல் ஞாயிறு. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அவர் எழும்போது எழுந்து போங்கள். நோட்டை இப்போதே அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். வேறொரு தாளில் தேதியும் அன்று சடங்குக்குப் போன நிமிடங்களும் மட்டும் எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள்.